குரலிழந்த பேரரசர்: மூன்றாம் பிரெடரிக்கின் வாழ்வும் ஐயம் தீர்க்காத பரிசோதனைகளும்

ஐரோப்பிய வரலாற்றில் மிகக் குறுகிய காலம் ஆட்சி செய்த மன்னர்களுள் ஜேர்மனியப் பேரரசர் மூன்றாம் பிரெடரிக் ஒருவராவார். 1888ஆம் ஆண்டு மார்ச் 9ஆம் திகதி அரியணையேறிய அவர் அதே ஆண்டு ஜூன் 15ஆம் திகதி காலமானார். அவர் ஆட்சி புரிந்தது 99 நாட்கள் மட்டுமே. அந்த 99 நாட்களிலும் அவரால் ஒரு வார்த்தையேனும் பேச முடியவில்லை. அவரது உயிரைப் பறித்த தொண்டைப் புற்றுநோயும், அந்நோய் குறித்து வைத்தியர்களிடையே மூண்ட கருத்து வேறுபாடும் மருத்துவ வரலாற்றில் இன்றளவும் ஆராயப்பட்டு வருகின்றன. நோய் உண்டா இல்லையா என்ற கேள்விக்குப் பரிசோதனை அளிக்கும் விடையை எவ்வாறு விளங்கிக்கொள்ள வேண்டும் என்பதற்கு அவரது வாழ்வின் இறுதி 17 மாதங்கள் ஒரு பாடமாக அமைந்துள்ளன.

பிரெடரிக் 1831ஆம் ஆண்டு ஒக்டோபர் 18ஆம் திகதி பேர்லின் நகருக்கு அண்மையிலுள்ள பொட்ஸ்டாம் நகரின் புதிய அரண்மனையில் பிறந்தார். பிரஷ்ய அரச குடும்பம் இராணுவ மரபில் ஊறியதாகும். தந்தையான வில்ஹெல்ம் அம்மரபின் வார்ப்பாகவே விளங்கினார். தாயாரான ஒகஸ்டாவோ கலையும் இலக்கியமும் செழித்த வைமார் அரசவையில் வளர்ந்தவர். ஆதலால் மகனுக்கு இராணுவப் பயிற்சியுடன் பரந்த கல்வியும் கிடைத்தது. பொன் பல்கலைக்கழகத்தில் அவர் சட்டமும் வரலாறும் பயின்றார். 1858ஆம் ஆண்டு ஜனவரி 25ஆம் திகதி பிரித்தானிய மகாராணி விக்டோரியாவின் மூத்த புதல்வியான இளவரசி விக்டோரியாவை லண்டனில் மணந்தார். அரசியல் நோக்குடன் ஏற்பாடு செய்யப்பட்ட திருமணங்கள் மலிந்திருந்த அக்காலத்தில், ஆழ்ந்த அன்பினாலும் ஒத்த கருத்துகளினாலும் பிணைக்கப்பட்ட இல்வாழ்வாக அது அமைந்தது. எட்டுப் பிள்ளைகளைப் பெற்ற அத்தம்பதியர் அவர்களுள் இரு புதல்வர்களைச் சிறுவயதிலேயே பறிகொடுத்தனர்.

1861இல் தந்தை பிரஷ்யாவின் மன்னரானதும் பிரெடரிக் முடிக்குரிய இளவரசரானார். மறு ஆண்டே பிஸ்மார்க் பிரதமராக நியமிக்கப்பட்டார். இவ்விருவருக்குமிடையே தொடக்கம் முதலே இணக்கம் இருக்கவில்லை. பிரித்தானியாவைப் போன்று பாராளுமன்றத்துக்குப் பொறுப்புக் கூறும் ஆட்சி தமது நாட்டிலும் மலர வேண்டும் என்பது இளவரசரின் விருப்பமாகும். 1863இல் பத்திரிகைச் சுதந்திரத்தைக் கட்டுப்படுத்தும் ஆணையொன்று பிறப்பிக்கப்பட்டபோது, டான்சிக் நகரில் ஆற்றிய உரையில் அதிலிருந்து தம்மைப் பகிரங்கமாக விலக்கிக்கொண்டு தந்தையின் சினத்துக்கு ஆளானார். பிற்காலத்தில் யூத மக்களுக்கு எதிரான கிளர்ச்சிகள் தலைதூக்கியபோது அவற்றை வெளிப்படையாகக் கண்டித்ததுடன், யூதத் தொழுகைக்கூடத்துக்கு நேரில் சென்று அம்மக்களுடனான தமது உறவையும் வெளிப்படுத்தினார்.

போரை விரும்பாத இவர் போர்க்களத்தில் பெரும் புகழ் ஈட்டியது விந்தையே. 1866ஆம் ஆண்டு ஜூலை 3ஆம் திகதி கொனிக்கிரேட்ஸ் களத்தில் இவரது தலைமையிலான படை உரிய வேளையில் வந்து சேர்ந்தமையே ஒஸ்திரியாவுக்கு எதிரான வெற்றியை உறுதி செய்தது. 1870இல் பிரான்ஸுக்கு எதிரான யுத்தத்திலும் வேர்த், செடான் ஆகிய களங்களில் இவரது பங்களிப்பு முதன்மையானது. இவ்விரு யுத்தங்களுக்குமிடையே, 1869இல் ஜெரூசலம் நகருக்குச் சென்ற அவர், எகிப்தில் சுயெஸ் கால்வாய்த் திறப்பு விழாவிலும் கலந்துகொண்டார். 1871 ஜனவரி 18ஆம் திகதி ஜேர்மனியப் பேரரசு பிரகடனப்படுத்தப்பட்டது. அதன்பின் 17 ஆண்டுகள் அவர் காத்திருந்தார். தந்தை நெடுங்காலம் வாழ்ந்தார். அதிகாரம் பிஸ்மார்க்கின் கைகளிலேயே இருந்தது. நாட்டின் தாராளவாதிகள் யாவரும் பிரெடரிக்கின் முடிசூடலை எதிர்பார்த்திருந்தனர்.

1887ஆம் ஆண்டு ஜனவரி மாதம் இளவரசரின் குரல் கம்மத் தொடங்கியது. அப்போது அவருக்கு வயது 55. சாதாரணத் தடிமனின் விளைவு என்றே எல்லோரும் கருதினர். அவர் சுங்கான் புகைப்பதை நீண்டகால வழக்கமாகக் கொண்டிருந்தவர். வாரங்கள் கழிந்தும் குரல் சீரடையாமையால் மார்ச் மாதத் தொடக்கத்தில் பேர்லின் பல்கலைக்கழக மருத்துவப் பேராசிரியர் கார்ல் கெர்ஹார்ட் அழைக்கப்பட்டார். சிறிய கண்ணாடி ஒன்றைத் தொண்டைக்குள் வைத்து ஒளியைப் பாய்ச்சிக் குரல்வளையைப் பார்க்கும் முறை அப்போது புதியது. மனுவெல் கார்சியா என்ற சங்கீத ஆசிரியர் 1854இல் தமது குரல் நாண்களைத் தாமே காண்பதற்காகக் கையாண்ட உத்தியிலிருந்து வளர்ந்ததே அம்முறையாகும். அக்கண்ணாடியில் இடப்புறக் குரல் நாணில் ஒரு சிறு கட்டி தென்பட்டது.

கெர்ஹார்ட் அக்கட்டியைக் கம்பி வளையத்தால் அகற்ற முயன்றார். அது பலனளிக்காமற்போகவே, மின்னால் சூடேற்றிய கம்பியினால் அதனை நாள்தோறும் சுட்டு வந்தார். பின்னர் இளவரசர் ஓய்வுக்காக எம்ஸ் என்னும் நீரூற்று நகருக்கு அனுப்பப்பட்டார். மே மாத நடுப்பகுதியில் அவர் திரும்பி வந்தபோது கட்டி முன்னிலும் பெரிதாக வளர்ந்திருந்தது. அந்தக் குரல் நாணின் அசைவும் மந்தமாகியிருப்பதைக் கெர்ஹார்ட் அவதானித்தார். சாதாரணக் கட்டியொன்று மேற்பரப்பிலேயே தங்கிவிடும். ஆழ ஊடுருவும் கட்டியே நாணின் அசைவைக் கட்டுப்படுத்தும். எனவே இது புற்றுநோயாக இருக்கலாம் என்ற ஐயம் அவருக்கு வலுத்தது.

புகழ்பெற்ற சத்திரசிகிச்சை நிபுணரான பேராசிரியர் ஏர்ன்ஸ்ட் வொன் பேர்க்மன் வரவழைக்கப்பட்டார். கழுத்தின் வெளிப்புறமாகக் குரல்வளையைப் பிளந்து கட்டியை வெட்டியகற்ற வேண்டும் என்பது அவரது முடிவாக இருந்தது. அன்றைய நிலையில் இது பேராபத்தான காரியமாகும். புற்றுநோய்க்காகக் குரல்வளையை முழுமையாக அகற்றும் சத்திரசிகிச்சையை வியன்னாவில் பில்ரொத் முதன்முதலாகச் செய்தது 1873ஆம் ஆண்டின் இறுதியிலேயே. அன்டிபயோட்டிக் மருந்துகள் இல்லாத அக்காலத்தில் இத்தகைய சத்திரசிகிச்சைகளுக்கு உட்பட்டோரில் பலர் கிருமித் தொற்றினாலும் நியூமோனியாவினாலும் மாண்டனர். தப்பியவர்களும் குரலை இழந்தனர் அல்லது பெரிதும் பாதிக்கப்பட்டனர். நோயாளிக்கு முழு விபரத்தையும் கூறாமலே சத்திரசிகிச்சை செய்ய ஏற்பாடாகியிருந்ததாகவும், இளவரசரின் சம்மதமின்றி அது நடைபெறலாகாது எனத் தாம் தடுத்ததாகவும் பிஸ்மார்க் தமது நினைவுக் குறிப்புகளில் பதிவு செய்துள்ளார்.

இந்நிலையில் மற்றொரு நிபுணரின் கருத்தையும் பெறுவதென்று தீர்மானிக்கப்பட்டது. லண்டனில் தொண்டை நோய்களுக்கென வைத்தியசாலையொன்றை 1863இல் நிறுவியவரும், இத்துறையில் பாடநூல்கள் எழுதியவருமான மொரெல் மெக்கென்சி அழைக்கப்பட்டு மே மாதம் 20ஆம் திகதி பேர்லின் வந்தடைந்தார். கட்டியைப் பார்வையிட்ட அவர், கண்ணால் கண்டதை மட்டும் வைத்துப் புற்றுநோய் என்று முடிவு கட்ட முடியாது என்றார். கட்டியிலிருந்து ஒரு துணுக்கை எடுத்து நுணுக்குக்காட்டியின் கீழ் ஆராய்ந்து, நோய் உறுதிப்பட்ட பின்னரே சத்திரசிகிச்சை பற்றிச் சிந்திக்கலாம் என்பது அவரது நிலைப்பாடு. இன்று பயொப்சி என்று நாம் அழைக்கும் இழையப் பரிசோதனை அது. புற்றுநோய்க்கான பாரிய சிகிச்சை எதனையும் அப்பரிசோதனையின்றித் தொடங்கலாகாது என்பது இன்றைய மருத்துவத்தின் அடிப்படை விதிகளுள் ஒன்று. அவ்வகையில் மெக்கென்சி காலத்தை முந்தியே சிந்தித்தார் எனலாம்.

மே 21ஆம் திகதி குரல்வளைக்குள் சிறு கருவியைச் செலுத்தி அவர் எடுத்த துணுக்கு ருடோல்ப் விர்ச்சோவிடம் ஒப்படைக்கப்பட்டது. நோய்கள் யாவும் உடற்கலங்களில் தோன்றும் மாற்றங்களே என்ற கோட்பாட்டை 1858இல் நிலைநாட்டியவர் அவர். நோயியல் துறையில் அவரை விஞ்சிய அதிகாரபூர்வமான குரல் அன்று உலகில் இருக்கவில்லை. முதல் துணுக்கு மிகச் சிறியதாக இருந்தது. அதில் புற்றுநோய்க்கான அடையாளம் எதனையும் அவர் காணவில்லை. ஜூன் 8ஆம் திகதி அதனிலும் பெரிய துணுக்குகள் எடுக்கப்பட்டன. மேற்படலம் தடித்துப் பருப்போன்று வளர்ந்துள்ளதென்றும், புற்றுநோயின் இயல்பு காணப்படவில்லையென்றும் விர்ச்சோ அறிக்கையளித்தார். எனினும் அவ்வறிக்கையில் ஓர் எச்சரிக்கையும் இடம்பெற்றிருந்தது. வெட்டப்பட்ட துணுக்குகளைப் பொறுத்தவரை இம்முடிவு நம்பிக்கையூட்டுவதாக இருந்தாலும், நோய் முழுமைக்கும் அது பொருந்துமா என்பதை அத்துணுக்குகளிலிருந்து மட்டும் கூற முடியாது என்பதே அதுவாகும்.

துரதிர்ஷ்டவசமாக, அந்த எச்சரிக்கை மகிழ்ச்சி ஆரவாரத்தில் அமிழ்ந்துபோயிற்று. புற்றுநோயின் அடையாளம் இத்துணுக்கில் காணப்படவில்லை என்பது ஒரு கூற்று. இந்நோயாளிக்குப் புற்றுநோய் இல்லை என்பது முற்றிலும் வேறான கூற்று. முதலாவதை விர்ச்சோ கூறினார். இரண்டாவதையே அரண்மனையும், ஆவலுடன் காத்திருந்த மனைவியும், நாட்டு மக்களும் செவிமடுத்தனர். கணவரின் உயிரை மட்டுமன்றி, இருவரும் முப்பது ஆண்டுகளாகப் போற்றிய அரசியல் கனவையும் அந்த அறிக்கை காப்பாற்றித் தந்ததாக இளவரசி நம்பினார். அந்த நம்பிக்கையைக் குறைகூற எவருக்கும் மனம் வராது. மறுபுறம், குரல் நாணின் மந்தமான அசைவும், சுட்ட பின்னரும் மீண்டும் வளர்ந்த கட்டியும் தத்தம் சாட்சியத்தை அளித்துக்கொண்டேயிருந்தன. கண்ட அறிகுறிகளும் பரிசோதனை முடிவும் ஒன்றுக்கொன்று முரண்பட்டபோது, இரண்டையும் சேர்த்து எடைபோட வேண்டிய வைத்தியர்கள் ஜேர்மன் தரப்பு, ஆங்கிலத் தரப்பு என இரு அணிகளாகப் பிரிந்தனர். மெக்கென்சி எதிர்ப்புற ஆரோக்கியமான நாணைக் காயப்படுத்திவிட்டார் எனக் கெர்ஹார்ட் குற்றஞ்சாட்டினார். மெக்கென்சி அதனை மறுத்தார்.

ஜூன் 21ஆம் திகதி லண்டனில் விக்டோரியா மகாராணியின் பொன்விழா ஊர்வலத்தில் வெண்ணிறச் சீருடையணிந்து குதிரைமீது வந்த பிரெடரிக்கின் கம்பீரத் தோற்றம் மக்களின் கண்களைக் கவர்ந்தது. கோடையில் அவர் வைட் தீவிலும் ஸ்கொட்லாந்திலும் தங்கினார். குரல் ஓரளவு தேறியதாகத் தோன்றியது. செப்டெம்பரில் மெக்கென்சிக்கு மகாராணி சேர் பட்டம் வழங்கினார். குளிர்காலம் நெருங்கவே இளவரசர் டிரோல் மலைப்பகுதி, வெனிஸ், பவேனோ ஆகிய இடங்களுக்கூடாக நவம்பர் 3ஆம் திகதி இத்தாலியின் சான் ரெமோ நகரை அடைந்தார். அங்கேதான் நம்பிக்கை தகர்ந்தது. குரல் நாணுக்குக் கீழே புதியதொரு வளர்ச்சி காணப்பட்டது. அதன் தோற்றம் முன்னையதைப் போன்றதல்ல. நோயாளி கேட்டபோது இது புற்றுநோயாக இருக்கலாம் என்பதை மெக்கென்சி மறைக்கவில்லை.

வியன்னாவிலிருந்தும் பேர்லினிலிருந்தும் பிராங்பேர்ட்டிலிருந்தும் வந்த நிபுணர்கள் ஆராய்ந்து புற்றுநோயே என உறுதி செய்தனர். குரல்வளையை முழுமையாக அகற்றுவது அல்லது மூச்சு அடைக்கும் வேளையில் கழுத்தில் துவாரமிட்டுக் குழாய் பொருத்துவது என்ற இரு வழிகளும் அவர்முன் வைக்கப்பட்டன. பெரிய சத்திரசிகிச்சையை மறுத்து இரண்டாவது வழியை அவரே தெரிவு செய்தார். தமது முடிவை நிதானத்துடன் எழுதிக்கொடுத்த அவர், அருகிலிருந்தோரைத் தேற்றினார் என்பர். நோயாளி தன் நிலையை அறிந்து தானே முடிவெடுக்கும் உரிமை, ஆறு மாதங்களுக்குப் பின்னரே அவருக்கு முழுமையாகக் கிடைத்தது.

1888 பெப்ரவரி 9ஆம் திகதி மூச்சுத் திணறல் கடுமையாகவே, பேர்க்மனின் உதவியாளரான வைத்தியர் பிராமன் கழுத்தில் துவாரமிட்டுக் குழாயைப் பொருத்தினார். அன்றுடன் பிரெடரிக்கின் குரல் நிரந்தரமாக ஓய்ந்தது. மார்ச் மாதத் தொடக்கத்தில், சளியுடன் வெளிப்பட்ட இழையத்தைப் பேராசிரியர் வால்டையர் ஆராய்ந்து புற்றுநோய்க் கலங்களைக் கண்டறிந்தார். முதல் அறிகுறி தோன்றி 13 மாதங்களுக்குப் பின்னரே நுணுக்குக்காட்டி அந்த விடையை அளித்தது. அதற்குள் நோய் கைமீறிப் போயிருந்தது.

சில நாட்களில், மார்ச் 9ஆம் திகதி, 90 வயதான தந்தை காலமானார். கடுங்குளிரில் பேர்லினுக்குத் திரும்பிய புதிய பேரரசர் காகிதத் துண்டுகளில் எழுதியே அமைச்சர்களுடன் உரையாடினார். பெரும் சீர்திருத்தங்களுக்குக் காலமும் இல்லை, உடல் வலிமையும் இல்லை. தேர்தலில் அரச செல்வாக்கைப் பயன்படுத்திய உள்நாட்டு அமைச்சர் புட்காமரைப் பதவி விலகச் செய்தமையே அவரது ஆட்சியின் குறிப்பிடத்தக்க அரசியல் நடவடிக்கையாகும். மே 24ஆம் திகதி இளைய மகன் ஹென்றியின் திருமணத்தில் முழுச் சீருடையுடன் கலந்துகொண்டார். ஜூன் 15ஆம் திகதி, பிறந்த அதே அரண்மனையில் அவரது உயிர் பிரிந்தது. மறுநாள் நடைபெற்ற பிரேத பரிசோதனையில் குரல்வளை முற்றாகச் சிதைந்திருந்தமை தெரியவந்தது. அப்பரிசோதனையில் விர்ச்சோவும் வால்டையரும் பங்குபற்றினர்.

அவரது மறைவுடன் சர்ச்சை ஓயவில்லை. ஜேர்மன் வைத்தியர்கள் மெக்கென்சிமீது குற்றஞ்சாட்டி அறிக்கை வெளியிட்டனர். மெக்கென்சி நூலொன்றை எழுதிப் பதிலடி கொடுத்தார். நோயாளியின் அந்தரங்கத்தை அம்பலப்படுத்தியமைக்காக லண்டன் சத்திரசிகிச்சை நிபுணர்களின் அரச கல்லூரி அவரைக் கண்டித்தது. 1892இல் அவரும் மறைந்தார். இரு தேசங்களின் மானப் பிரச்சினையாக மாறிய இச்சர்ச்சையில், நோயாளி எனும் மனிதர் மறக்கப்பட்டமையே மிகப் பெரிய சோகம்.

பிற்கால அறிவு இருதரப்பையும் ஓரளவு விளங்கவைக்கிறது. பரு வடிவிலான புற்றுநோய் வகையொன்றை 1948இல் அமெரிக்க நோயியலாளர் அக்கர்மன் தனியாக வரையறுத்தார். அதன் மேற்பரப்பு தீங்கற்ற தடிப்பைப் போன்றே தோன்றும். புற்றுநோயின் இயல்பு அடித்தளத்திலேயே வெளிப்படும். மேலோட்டமாக எடுக்கப்படும் துணுக்குகள் எத்தனை முறை ஆராயப்பட்டாலும் ஏமாற்றக்கூடும். பிரெடரிக்கைப் பீடித்த நோய் இவ்வகையைச் சார்ந்ததாக இருந்திருக்கலாம் எனப் பின்வந்த சில ஆய்வாளர்கள் கருதுகின்றனர். அவ்வாறாயின் விர்ச்சோ கண்டது தவறல்ல. அவருக்குக் கிடைத்த துணுக்கே போதாதது. ஆதாரமின்றிக் கத்தியை எடுக்கலாகாது என்ற மெக்கென்சியின் கொள்கையும் தவறல்ல. ஆதாரம் கிடைக்காமையை நோய் இல்லாமையின் ஆதாரமாகக் கொண்டதே தவறு. மே மாதத்தில் சத்திரசிகிச்சை நடந்திருந்தால் அவர் பிழைத்திருப்பார் என்றோ, ஜேர்மனியின் வரலாறு வேறு திசையில் சென்றிருக்கும் என்றோ அறுதியிட்டுக் கூறுவதற்கில்லை. மேசையிலேயே அவர் உயிர் பிரிந்திருக்கவும் கூடும்.

இன்று நிலைமை பெரிதும் மாறியுள்ளது. நோயாளியை மயக்கத்தில் ஆழ்த்தி, குழாய்வழியே கட்டியை நேரடியாகப் பார்த்துப் போதிய ஆழத்தில் இழையம் எடுக்க முடிகிறது. சீ.ரி., எம்.ஆர்.ஐ. படங்கள் நோயின் பரப்பைக் காட்டுகின்றன. குரல் நாணில் ஆரம்ப நிலையிலேயே கண்டறியப்படும் புற்றுநோயைக் கதிர்வீச்சினாலோ லேசர் கதிரினாலோ பெரும்பாலானோரில் குணப்படுத்தலாம். குரலையும் காப்பாற்றலாம். ஆயினும் ஐயத்துக்கிடமான முடிவுகள் இன்றும் வரவே செய்கின்றன. இழையம் போதாது என்றோ, கலங்களில் மாற்றம் உண்டு, ஆனால் புற்றுநோய் எனக் கூற முடியாது என்றோ அறிக்கை வருவதுண்டு. அத்தகைய அறிக்கையைக் கையில் பெறுபவர் அதனை மரண ஓலையாகவும் கொள்ளலாகாது, விடுதலைப் பத்திரமாகவும் கொள்ளலாகாது. எடுக்கப்பட்ட இழையம் போதுமானதா, கண்ணால் கண்டவற்றுடன் முடிவு பொருந்துகிறதா, மீண்டும் எப்போது பரிசோதிக்க வேண்டும் என்ற மூன்று வினாக்களை வைத்தியரிடம் கேட்பது நோயாளியின் உரிமை. மறுபரிசோதனைக்குக் குறித்த நாளைத் தவறவிடாமை அவரது கடமை.

புகைத்தல், மதுபானம் ஆகியவற்றுடன் வெற்றிலை, பாக்கு, புகையிலை மெல்லும் பழக்கமும் நிலவும் எமது சமூகங்களில் இவ்வகை நோய்கள் புதியனவல்ல. மூன்று வாரங்களுக்கு மேல் நீடிக்கும் குரல் கம்மலையும், விழுங்குவதில் ஏற்படும் சிரமத்தையும், கழுத்தில் தோன்றும் கட்டியையும் அலட்சியம் செய்யலாகாது. நோய் இல்லையென்று முதல் பரிசோதனை கூறிய பின்னரும் அறிகுறி நீங்காவிடின், மீண்டும் வைத்தியரிடம் செல்வதில் தயக்கம் வேண்டியதில்லை. பேரரசர் ஒருவரைச் சுற்றி ஐரோப்பாவின் தலைசிறந்த நிபுணர்கள் யாவரும் கூடிநின்றும் காலத்தைத் தவறவிட்டனர். இன்று ஒரு சாதாரணத் தொழிலாளிக்கும் கிட்டக்கூடிய வாய்ப்பு அன்று அந்தப் பேரரசருக்குக் கிட்டவில்லை. அதனை உரிய வேளையில் பயன்படுத்துவது எம் கையிலேயே உள்ளது.